தமுக்கத்தில் உட்கார்ந்தவர் திமிங்கல வேட்டையை எதிர்க்கலாமா?

மதுரைத் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். இப்போது கூட வேலை பார்க்கும் நண்பர், ஜப்பானின் வணிகத் திமிங்கல வேட்டைக்கு எதிரான மனு ஒன்றை அனுப்பிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். "நம்ம காளை விஷயத்துல பீட்டா மூக்கை நுழைச்சப்ப கொதிச்சோம். இப்ப இன்னொருத்தன் சாப்பாட்டுல நாம மூக்கை நுழைக்கலாமா? அப்புறம், ரப்பர் படகுல போய் மறிச்சு, கப்பலை இடிச்சு, இந்த எதிர்ப்புக்காரங்களால ஒரு திமிங்கலமாவது பிழைச்சுதா?" என்கிறார். மனு ஒரு சாக்குதான். எனக்கு ஒரு நியாயம், அடுத்தவனுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடுகிறதோ என்பதுதான் அவருடைய உறுத்தல் என்று எனக்குப் படுகிறது.

நான் மதுரைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வருடா வருடம் பிள்ளைகளை மண்டபம், பாம்பன் பக்கம் கூட்டிப் போவேன். சட்டம் படித்தவன் இல்லை. தீர்ப்புகளைப் படித்துப் புரிந்துகொண்ட அளவில்தான் சொல்ல முடியும். ஆனால் செத்துக் கரை ஒதுங்கிய திமிங்கலத்தை அளவு நாடா பிடித்து அளந்திருக்கிறேன். ஒரு முறை அப்படி ஒதுங்கியதன் வாயைத் திறந்து பார்த்தபோது பல்லே இல்லை. மேல்தாடையிலிருந்து தட்டி தட்டியாகத் தொங்கியது, நுனியெல்லாம் தேங்காய் நார் மாதிரி பிசிறு. கடல் நீரை வாய் நிறைய மொண்டு, அந்தப் பிசிறில் வடிகட்டிப் பொடி உயிரினங்களைத் தின்னும் சாதி அது. நாற்றம் தாங்காமல் பாதிப் பேர் பேருந்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, "இதுக்கு என்ன வயசு சார் இருக்கும்?" என்று கேட்டாள். இந்த வகைத் திமிங்கலத்தின் காதுக்குள் குரும்பி அடுக்கடுக்காகச் சேர்ந்து கட்டையாக இறுகியிருக்கும். மர வளையம் மாதிரி அதை எண்ணி வயது சொல்லலாம். ஆனால் அதை எடுக்க விலங்கு செத்திருக்க வேண்டும். இந்தக் குரும்பி பின்னால் ஒரு சர்வதேச வழக்கில் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கலாசாரம். வேட்டை நமக்கு அன்னியமான விஷயம் இல்லை. சங்கப் பாட்டிலேயே பரதவர் திமிலேறிப் போய் எறியுளி வீசிக் கோட்டுமீன், அதாவது சுறா, பிடிக்கிறார்கள். காளையின் முதுகில் இருப்பதும் திமில், கடலில் போன பழைய படகும் திமில் என்பது வகுப்பில் நான் சொல்லி மகிழும் சங்கதி. இந்தப் பதிலில் ஹார்பூன் என்ற வேட்டை ஈட்டிக்கு எறியுளி என்றே எழுதப் போகிறேன், நல்ல சொல் சும்மா கிடக்கிறது. ஜப்பானுக்கும் அப்படி ஒரு பழமை உண்டு. தாய்ஜி என்ற ஊரில் 1606 முதல் ஊராகச் சேர்ந்து திமிங்கலம் பிடித்திருக்கிறார்கள். 1670களில் வலையைக் கொண்டு மறித்துப் பிடிக்கப் பழகினார்கள். நாகாட்டோ பக்கத்துக் கடலோரத்தில், வயிற்றுக் குட்டியோடு அகப்பட்ட திமிங்கலங்களுக்காக 1692ல் எழுப்பிய கல்லறை இன்றும் இருக்கிறது. செத்த கோயில் மாட்டுக்கு மாலை போட்டு, வேட்டி போர்த்தி, ஊரே கூடி அடக்கம் செய்கிற மதுரைச் சீமைக்காரனுக்கு அந்தக் கல்லறை புரியாமல் போகாது.

ஆனால் ரப்பர் படகுக்காரர்கள் போய் மறித்த கப்பல் தாய்ஜிக் கப்பல் இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வெடிகுண்டு பொருத்திய எறியுளியைப் பீரங்கியில் வைத்துச் சுடும் முறைக்கு 1870ல் காப்புரிமை வாங்கியவர் நார்வேக்காரர் ஸ்வென் ஃபோய்ன். 1925ல் கப்பலின் பின்பக்கத்தில் சரிவுப் பாதை வைத்து, திமிங்கலத்தை முழுசாக மேலே இழுத்துப் போட்டு, நடுக்கடலிலேயே அறுத்து உருக்கும் மிதக்கும் ஆலை வந்தது. அதன் பிறகு கரைக்கு வர வேண்டிய அவசியமே போயிற்று. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் கொன்றது ஏறக்குறைய 29 லட்சம் திமிங்கலங்கள். எதற்கு? மார்கரின், சோப்பு, எந்திரத்துக்கு எண்ணெய், வெடிமருந்துக்குக் கிளிசரின். இதில் நார்வே, பிரிட்டன், சோவியத் யூனியன் எல்லாம் பெரும் பங்காளிகள். ஜப்பான் தென்துருவக் கடலுக்குக் கப்பல் அனுப்பியதே 1934ல்தான், அதுவும் நார்வேயின் பழைய ஆலைக் கப்பலை விலைக்கு வாங்கி. போருக்குப் பிறகு பஞ்சம் வந்தபோது, 1946ல் அமெரிக்க ராணுவ நிர்வாகமே அங்கே திரும்பப் போக அனுமதி கொடுத்தது. பள்ளிச் சத்துணவில் திமிங்கலக் கறி போட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் வருடத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் தின்றார்கள். இப்போது சில ஆயிரம் டன்தான். ஆகவே தாய்ஜிக் கிழவர் "இது என் பாட்டன் தொழில்" என்றால் நான் கேட்டுக்கொள்வேன். தென்துருவத்துக்குப் போன அரசு மானியக் கப்பல் அதே வசனத்தைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜல்லிக்கட்டோடு ஒப்பிட்டால் இன்னொரு வித்தியாசம் கண்ணில் படும். வாடிவாசலில் அவிழ்த்த காளை அன்று சாயங்காலம் தொழுவுக்குத் திரும்பி வருகிறது. அதை நம்பித்தான் புலிக்குளம் மாட்டை ஒருவர் வளர்க்கிறார். எறியுளி பட்ட திமிங்கலம் எங்கும் திரும்புவதில்லை. இதைச் சொன்ன கையோடு நம் பக்கத்து அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். வாலைக் கடிப்பது, கண்ணில் மிளகாய்ப்பொடி என்று விலங்கு நல வாரியம் நீதிமன்றத்தில் அடுக்கிய புகார்கள் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. இன்று கால்நடை மருத்துவர் காளையைச் சோதித்து அனுப்புவதும், இரட்டைத் தடுப்பு கட்டுவதும் அந்த நெருக்கடியின் பலன்தான். வெளியாள் சொன்னதாலேயே ஒரு விஷயம் பொய்யாகிவிடாது. 2014ல் மார்ச் 31 அன்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் ஜப்பானின் தென்துருவ வேட்டைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஐந்து வாரம் கழித்து, மே 7 அன்று, நம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. முதல் தீர்ப்பை வகுப்பில் கைதட்டி வரவேற்ற என் மாணவர்கள் இரண்டாவதுக்குக் கொதித்தார்கள். உங்கள் உறுத்தல் அன்று எனக்கும் இருந்தது தம்பி.

அடுத்து மறியல். நீங்களெல்லாம் செல்லூர் பக்கம் வைகைப் பாலத்தில் ரயிலை மறித்து நாள்கணக்கில் நிறுத்திவைத்தீர்களே, அதைத்தான் 1975ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காரர்கள் கடலில் செய்தார்கள். வான்கூவரிலிருந்து பழைய மீன்பிடிக் கப்பல் ஒன்றில் ஏப்ரலில் கிளம்பினார்கள். பசிபிக்கில் ஒரு வேட்டைக் கூட்டத்தைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதை. பால் ஸ்பாங் என்ற திமிங்கல ஆராய்ச்சியாளர் நார்வே போய், வேட்டைக் கணக்குகளை வைத்திருந்த அலுவலகத்தில் சோவியத் கப்பல்கள் முந்தைய வருடங்களில் எங்கெங்கே இருந்தன என்று குறித்துக்கொண்டு வந்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜூன் 27 அன்று கலிஃபோர்னியாவுக்கு அப்பால் சோவியத் கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். ரப்பர் படகில் திமிங்கலத்துக்கும் பீரங்கிக்கும் நடுவே போய் நின்றார்கள். சுட மாட்டார்கள் என்று நம்பினார்கள். சுட்டார்கள். எறியுளி தலைக்கு மேலே பறந்து போய் முன்னால் இருந்த திமிங்கலத்தில் பாய்ந்தது. அதன் இரும்புக் கயிறு படகுக்குப் பக்கத்தில் தண்ணீரை அறைந்தது.

அன்று சில திமிங்கலங்கள் தப்பியிருக்கலாம். பெரிய கணக்கில் அது ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் கையில் சினிமா கேமரா இருந்தது. அதுவரை திமிங்கல வேட்டை என்பது யார் கண்ணுக்கும் படாத தொழில். கண்ணுக்குப் படாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. 1966 நவம்பரில் சோவியத் கப்பல்கள் அரபிக்கடலில், ஓமன், பாகிஸ்தான், நம் வடமேற்குக் கரைக்கு அப்பால் 238 கூனல் திமிங்கலங்களைக் கொன்றன. அந்த வகைக்கு அப்போதே பாதுகாப்பு இருந்தது. கணக்கைப் பொய்யாக எழுதி அனுப்பினார்கள். உலகம் முழுக்க இப்படி மறைத்தது ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். இது வெளியே வந்ததே 1993ல், சோவியத் உடைந்த பிறகு, அலெக்சி யாப்லகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி வாய் திறந்த பின்னால்தான். அரபிக்கடல் கூனல் திமிங்கலம் இன்று நூறு கூட இருக்காது. அந்த நவம்பரில் அங்கே யாராவது ஒரு கேமராவோடு நின்றிருந்தால் என்று இன்றும் யோசிப்பேன்.

படம் ஓட்டுப் போடாது. நீங்கள் தமுக்கத்தில் இருந்தபோது அவசரச் சட்டம் வந்தும் அலங்காநல்லூர்க்காரர்கள் நிரந்தரச் சட்டம் கேட்டு வாடிவாசலைத் திறக்கவில்லையே, அந்தப் பிடிவாதத்துக்குச் சமமான காரியம், வேட்டைக்கு விதி வகுக்க நாடுகள் கூடும் சர்வதேசத் திமிங்கலக் கமிஷனில் நடந்தது. 1979ல் குட்டி நாடான செஷல்ஸ் முன்மொழிந்து இந்தியப் பெருங்கடல் சரணாலயம் வந்தது. 1981ல் இந்தியா உறுப்பினராகச் சேர்ந்தது. 1982ல் வணிக வேட்டையை நிறுத்தி வைக்கும் தீர்மானம் 25க்கு 7 என்று நிறைவேறியது. ஆதரித்த 25ல் நாமும் உண்டு. தடை 1986ல் நடைமுறைக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த சின்ன நாடுகளின் உறுப்பினர் கட்டணத்தைப் பசுமைக்காரர்கள் கட்டினார்கள் என்று ஒரு பக்கமும், ஜப்பான் நிதியுதவி காட்டி ஓட்டு வாங்கியது என்று மறு பக்கமும் இன்றுவரை குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். அதில் எது எவ்வளவு என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கப்பலை இடித்தவர்கள் வேறு ஆட்கள். 1975ல் அந்தப் பயணத்தில் இருந்த பால் வாட்சன், 1977ல் கிரீன்பீஸோடு முறித்துக்கொண்டு சீ ஷெப்பர்ட் அமைப்பைத் தொடங்கினார். 1979ல் சியரா என்ற திருட்டு வேட்டைக் கப்பலைப் போர்ச்சுகல் பக்கம் மோதி உடைத்தார். 1986ல் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் ஐஸ்லாந்துத் துறைமுகத்தில் ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு வேட்டைக் கப்பல்களின் அடி வால்வைத் திறந்து மூழ்கடித்தார்கள். பக்கத்துக் கப்பலில் காவலாளி இருந்ததால் அதைத் தொடவில்லை என்றார்கள். ஆள் மேல் கை வைக்கவில்லை, இரும்பைத்தான் உடைத்தோம் என்பது அவர்கள் வாதம். 1921ல் இதே மதுரையில்தான் காந்தி அரை வேட்டிக்கு மாறினார். காந்தி மியூசியம் இருக்கிற ஊரில் வளர்ந்த எனக்கு அந்த வாதம் முழுசாகச் செரிப்பதில்லை. பலன் என்ன என்று பார்த்தாலும் தயங்குகிறேன். மூழ்கிய கப்பல்களைத் தூக்கினார்கள், ஐஸ்லாந்து மக்கள் கோபத்தில் வேட்டைக்காரர் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் அமெரிக்க உணவகங்களும் ஜெர்மன் கடைகளும் ஐஸ்லாந்து மீனை வாங்க மாட்டோம் என்று சொல்லத் தொடங்கியதும், 1989ல் வேட்டை நின்றது. மீன் விற்றுப் பிழைக்கிற நாட்டுக்கு அடி எங்கே விழுந்தது என்று பாருங்கள். 2006ல் மறுபடி வணிக வேட்டையை ஆரம்பித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

தென்துருவத்தில் கதை கொஞ்சம் வேறு. தடைக்குப் பிறகு ஜப்பான், ஒப்பந்தத்தில் இருந்த ஆராய்ச்சி விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டது. வயது பார்க்கக் குரும்பி வேண்டும், தீனி பார்க்க இரைப்பை வேண்டும், மீதிக் கறி கடைக்கு. 2005 முதல் மிங்கி என்ற சிறு வகைத் திமிங்கலங்களில் சுமார் 3,600ஐக் கொன்ற திட்டத்துக்கு அறிவியல் விளைச்சல் குறைவாகவே தெரிகிறது என்றுதான் ஹேக் நீதிமன்றமும் சொன்னது. குரும்பியை எண்ணுவது தவறான அறிவியல் இல்லை. நூற்றுக்கணக்கில் எதற்கு என்பதுதான் கேள்வி. சீ ஷெப்பர்ட் வருடா வருடம் போய், நாறிய வெண்ணெய் வாடை அடிக்கும் அமிலப் புட்டிகளை வீசி, ஆலைக் கப்பலின் பின்பக்கச் சரிவில் ஒட்டிக்கொண்டு நின்று, திமிங்கலத்தை ஏற்ற விடாமல் செய்தது. 2010–11 பருவத்தில் 850 பிடிக்கப் போனவர்கள் 172 மட்டும் பிடித்துக்கொண்டு பாதியில் திரும்பினார்கள். அதனால் உங்கள் "ஒரு திமிங்கலமாவது" கேள்விக்குப் பதில்: நூற்றுக்கணக்கில் பிழைத்தன, இதில் சந்தேகம் இல்லை. மறுபக்கமும் உண்டு. அதே வருடம் ஜப்பான் அரசு, சுனாமி மறுகட்டமைப்புப் பணத்திலிருந்தே 200 கோடி யென்னுக்கு மேல் எடுத்து வேட்டைத் திட்டத்துக்குக் கொடுத்தது. கறி தின்னாத ஜப்பானியர் கூட "வெளிநாட்டான் மிரட்டினால் விடுவதா" என்று நின்றார்கள். பீட்டா மேல் வந்த கோபத்தால், காளையைக் கிட்டத்தில் பார்த்தே இராதவர்களும் மெரினாவில் வந்து உட்கார்ந்ததை நினைத்துக்கொண்டால் இது புரியும். எதிர்ப்பு வேட்டையின் ஆயுளைக் குறைத்ததா, நீட்டியதா என்று விவரம் தெரிந்தவர்களே அடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் கொஞ்சம் நடந்தது என்பது என் கணிப்பு, அவ்வளவுதான். கடைசியில் 2019 ஜூன் 30 அன்று ஜப்பான் கமிஷனை விட்டே வெளியேறியது. மறுநாள் சொந்தக் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையைத் தொடங்கி, தென்துருவத்தைக் கைவிட்டது. படகுக்காரர்கள் கேட்டதில் பாதியை எதிராளி முறைத்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனான்.

மனு எழுதுகிறவர்கள் பிழை விடும் இடங்களையும் சொல்கிறேன். "எல்லாத் திமிங்கலமும் அழிந்துகொண்டிருக்கிறது" என்று இருந்தால் அது தவறு. தென்துருவ மிங்கி 5 லட்சம் அளவில் இருப்பதாகக் கமிஷனே ஏற்றுக்கொண்ட கணக்கு இருக்கிறது. பிரேசில் பக்கத்துக் கூனல் திமிங்கலம் ஒரு காலத்தில் சில நூறாக இருந்தது இப்போது 20,000ஐத் தாண்டிவிட்டது. தென்துருவ நீலத் திமிங்கலம்தான் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்து சில நூறாகத் தேய்ந்து, இன்னும் சில ஆயிரத்துக்கு மேல் ஏறவில்லை. மிங்கியைக் கொல்வதற்கு எதிரான வலுவான வாதம் எண்ணிக்கை இல்லை, சாவு. ஆடுகிற கப்பலிலிருந்து, மூச்சு விட ஒரு நொடி தலை காட்டும் விலங்கை, எவ்வளவு நல்ல கை சுட்டாலும் குறி தப்பும். 2022ல் ஐஸ்லாந்தில் அரசு அதிகாரிகளே பதிவு செய்த துடுப்புத் திமிங்கலங்களில் 59 விழுக்காடுதான் உடனே செத்தன. நான்கில் ஒன்றுக்கு இரண்டாவது, மூன்றாவது எறியுளி தேவைப்பட்டது. ஆட்டுத் தொட்டியில் இப்படி நடந்தால் நம் ஊரிலேயே சண்டை வரும்.

இன்னொன்று, வெளியாள் நிஜமாகவே தப்புச் செய்த சந்தர்ப்பமும் உண்டு. 1977ல் அலாஸ்கா இனுபியாட் மக்களின் வில்தலைத் திமிங்கல வேட்டையைக் கமிஷன் ஒரேயடியாகத் தடை செய்தது, சில நூறோ ஆயிரமோதான் மிச்சம் என்ற கணக்கில். "பனிக்கு அடியிலும் போகின்றன, நீங்கள் கரையில் நின்று எண்ணுகிறீர்கள்" என்றார்கள் வேட்டைக்காரர்கள். நீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. சீல் வேட்டை எதிர்ப்பால் இனுயிட் மக்களின் பிழைப்பைக் கெடுத்ததற்காகக் கிரீன்பீஸின் கனடா கிளை 2014ல் மன்னிப்புக் கேட்டது. பீட்டா மேல் உங்களுக்கு இருக்கிற கோபத்துக்கு உண்மையான பங்காளி இந்த இனுயிட் ஆள்தான், டோக்கியோ மீன்வள அதிகாரி இல்லை.

மனுவை வாசித்துப் பாருங்கள். வணிக வேட்டை, ஆலைக் கப்பல், குறி தப்பும் எறியுளி என்று எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன். ஜப்பானியர் காட்டுமிராண்டிகள் என்ற தொனியில் இருந்தால் போட மாட்டேன். நார்வே பெயரே இல்லாத மனுவாக இருந்தால் நண்பரிடம் ஏன் என்று கேட்பேன், அவர்கள் 1993லிருந்து வணிக வேட்டையை விடாமல் செய்கிறார்கள்.

மதுரையில் இருந்துகொண்டு கையெழுத்தைத் தாண்டி ஏதாவது செய்ய ஆசை என்றால் மூன்று, நான்கு மணி நேரப் பயணத்தில் கடல் இருக்கிறது. ராமநாதபுரம் கரையில் ஆவுளியா என்கிற கடல் பசுவின் கறி ஒரு காலத்தில் விருந்துச் சாப்பாடு. அதை விட்டோம், 2022ல் பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கென்றே 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துப் போய் விட, பல திரும்பித் திரும்பிக் கரைக்கே வந்தன. 40க்கு மேல் செத்தன. அப்படி ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம். செல்ஃபி கூட்டத்தை விலக்கி, ஈரத் துணி போர்த்தி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். தலை உச்சியில் இருக்கும் மூச்சுத் துளைக்குள் மட்டும் தண்ணீரோ மணலோ போய்விடக் கூடாது.